வலி மாத்திரை மட்டும் போதாதா, மெத்தோட்ரெக்சேட் எதற்கு?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. ஏழெட்டு மாதமாக இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்குகின்றன, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியாத விறைப்பு. இதுவரை டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறார். இப்போது வாத நோய் நிபுணர் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட்டும், சிறிய அளவில் பிரட்னிசோலோனும் எழுதியிருக்கிறார். முதலாவது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று இணையத்தில் பார்த்து நீங்கள் பயந்துவிட்டீர்கள், இரண்டாவது ஸ்டீராய்டு என்பதால் அதற்கும் பயம். "இதெல்லாம் வேண்டாம், பக்கவிளைவு குறைவான நல்ல வலி மாத்திரை ஒன்றைச் சொல்லுங்கள், அதையே போட்டுக்கொள்ளட்டும்" என்பது உங்கள் கேள்வி. இடையில் போகிற போக்கில், அம்மா இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுவதையும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். மூட்டு நோய்ப் பிரிவிலிருந்து வரும் மருந்துச் சீட்டுகளைப் பல வருஷமாகப் பார்ப்பவன். அதனால் மருந்து உடம்புக்குள் என்ன செய்யும் என்று சொல்ல முடியும், உங்கள் மருத்துவர் எழுதியதை மாற்றச் சொல்ல மாட்டேன். நேரடியான பதில் இதுதான்: அம்மாவுக்கு வந்திருக்கும் நோய்க்கு வலி மாத்திரை மட்டும் என்பது சிகிச்சையே இல்லை. அது மட்டுமல்ல, அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்தால், சாதாரணமானது என்று நீங்கள் நினைக்கும் டைக்ளோஃபெனாக்தான் அந்தப் பட்டியலில் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கும். வலி, வீக்கம், சூடு, சிவப்பு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைத் தயாரிக்கும் நொதியின் பெயர் காக்ஸ். டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபன், நாப்ராக்சன், இண்டோமெத்தசின், எட்டோரிகாக்சிப் என்று எதை எடுத்துக்கொண்டாலும் செய்யும் வேலை ஒன்றுதான், காக்ஸை அடைத்துவிடுவது. ஆஸ்பிரின் 1899-லேயே சந்தைக்கு வந்துவிட்டது, ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் லண்டனில் சோதனை செய்து காட்டும்வரை யாருக்கும் தெரியாது. எழுபது வருஷத்துக்கு மேல் உலகமே காரணம் தெரியாமல் விழுங்கிய மாத்திரை அது. அந்த வேலைக்காக அவருக்கு 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஐபுரூஃபனின் கதை இன்னும் பொருத்தமானது: இன்று தலைவலிக்கும் பல்வலிக்கும் போடும் அந்த மருந்தை ஸ்டீவர்ட் ஆடம்ஸ் குழுவினர் தேடிக் கண்டுபிடித்ததே முடக்குவாத நோயாளிகளுக்காகத்தான், ஆஸ்பிரினைவிட உடம்பு தாங்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று. 1969-ல் பிரிட்டனில் அறிமுகமானது.

சரி, சிக்கல் எங்கே என்றால், இதே புரோஸ்டாகிளாண்டின் வீக்கத்துக்கு மட்டும் வேலை செய்வதில்லை. இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பது அது. சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தக் குழாயை விரித்து வைப்பதும் அது. இரத்தம் உறைவதிலும் இதன் குடும்பத்தைச் சேர்ந்த பொருட்களுக்குப் பங்கு இருக்கிறது. மாத்திரை மூட்டுக்கு மட்டும் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புவதில்லை, போகிற இடமெல்லாம் காக்ஸை அடைக்கிறது. எனவே பக்கவிளைவு என்று நாம் சொல்வது தனியாக ஏதோ ஒரு கெட்ட குணம் அல்ல, அதே வேலை வேறு இடத்தில் நடப்பதுதான். "பக்கவிளைவே இல்லாத வலி மாத்திரை" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இப்போது அம்மாவின் நோய்க்கு வருவோம். முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இந்த அரிப்பை நடத்துவது டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற செய்தி மூலக்கூறுகள். காக்ஸை அடைப்பது இவற்றைத் தொடுவதே இல்லை. கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதைப் போன்றதுதான் வலி மாத்திரை. தரை காய்ந்திருக்கும், உத்தரம் இற்றுக்கொண்டிருக்கும். வலி குறைந்துவிட்டதால் நோயும் குறைந்துவிட்டது என்று நம்பி ஒன்றரை வருஷம் கழித்து வருபவர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்தால் விரல் கணுவின் ஓரத்தில் எலும்பு கடித்தெடுத்ததைப் போலக் குழி விழுந்திருக்கும். அப்படி அரித்துப்போன எலும்பை எந்த மருந்தும் பழையபடி கட்டிக்கொடுப்பதில்லை. இந்தச் சேதத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷத்துக்குள் தொடங்கிவிடுகிறது என்பதால்தான் நோய் உறுதியானவுடனே மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவர் அவசரப்படவில்லை, உண்மையில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கியிருக்கலாம்.

இதனால் வலி மாத்திரை வீண் என்று சொல்லவில்லை. மெத்தோட்ரெக்சேட் வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை அம்மா பல் விளக்கவும் பொத்தான் போடவும் வேண்டுமே. அந்த இடைவெளியைக் கடக்க உதவுவதுதான் இவற்றின் வேலை. எதைப் போடலாம், எதைக் கூடாது என்பது வயிறு, இதயம், சிறுநீரகம் மூன்றையும் பார்த்து முடிவாகும் விஷயம். "எது சக்தி வாய்ந்தது" என்று கேட்பவர்கள்தான் அதிகம், ஆனால் முழு அளவில் கொடுத்தால் இவற்றுக்கிடையே சக்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருவருக்கு நாப்ராக்சன் கேட்கும், இன்னொருவருக்கு அது ஒன்றுமே செய்யாது, ஐபுரூஃபன் கேட்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் முறையாகப் போட்டும் கேட்கவில்லை என்றால் மாற்றிப் பார்ப்பார்கள். விட்டுவிட்டுப் போடும்போது வலி மட்டும் குறையும். அழற்சி அடங்க வேண்டுமென்றால் முறையாக, போதிய அளவில், ஒன்றிரண்டு வாரம் போக வேண்டும். பாராசிட்டமால் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது வலியைக் கொஞ்சம் குறைக்கும், மூட்டு வீக்கத்தை எதுவும் செய்யாது.

வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். "சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்பது எல்லோரும் நம்பும் ஒன்று. சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சல் குறையும், உண்மைதான். ஆனால் புண் வருவது மாத்திரை இரைப்பையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அல்ல, இரத்தத்தில் கலந்து திரும்பி வந்து இரைப்பையின் காப்பு வேலையை நிறுத்துவதால். ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் அதே ஆபத்து இருக்கிறது. இதைவிட மோசம், பலருக்கு வலியோ எரிச்சலோ எதுவுமே இல்லாமல் நேராக இரத்தக் கசிவில்தான் தெரிய வரும். தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக மலம் போனாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கி வெளிறிப்போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கூடவே ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இவர்களுக்கு ஆபத்து கூடுதல். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள், அம்மாவுக்கு இப்போது பிரட்னிசோலோன் எழுதியிருக்கிறார்கள். எனவே வலி மாத்திரையும் தொடர்வதாக இருந்தால் கூடவே ஒமிப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அதுவும் இரைப்பையைத்தான் காக்கும், சிறுகுடலைக் காக்காது.

இதயத்துக்கு வருவோம். காக்ஸில் இரண்டு வகை, இரைப்பையைக் காப்பது பெரும்பாலும் முதல் வகை, வீக்கத்தில் கூடுவது இரண்டாவது வகை என்று 1990-களின் தொடக்கத்தில் தெரிந்ததும், இரண்டாவதை மட்டும் அடைக்கும் மருந்து செய்தால் வயிறு தப்பிக்குமே என்று எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். யோசனை தவறில்லை, வயிற்றுப் புண் நிஜமாகவே குறைந்தது. செலகாக்சிப் 1998 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ரோஃபகாக்சிப் 1999-ல். ஆனால் 2000-ல் வந்த ஆய்விலேயே ரோஃபகாக்சிப் சாப்பிட்டவர்களுக்கு நாப்ராக்சன் சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. அது ரோஃபகாக்சிப்பின் கெடுதல் இல்லை, நாப்ராக்சன் இதயத்தைக் காப்பதால் அப்படித் தெரிகிறது என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். நான்கு வருஷம் அந்த விளக்கத்திலேயே ஓடியது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியபோது, 2004 செப்டம்பர் 30 அன்று தயாரிப்பாளரே உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெற்றார்.

அதன் பிறகுதான் பழைய மாத்திரைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள். டைக்ளோஃபெனாக்கின் இதய ஆபத்து கிட்டத்தட்ட அந்தப் புதிய வகையின் அளவுக்கே இருப்பது தெரிந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2013-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. 2015-ல் அமெரிக்காவும் இந்த மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது: போட ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே ஆபத்து கூடலாம், அளவு கூடக் கூட அதுவும் கூடும் என்று. 2016-ல் வெளிவந்த, 24,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் மிதமான அளவில் செலகாக்சிப் கொடுத்தால் இதய விஷயத்தில் ஐபுரூஃபன், நாப்ராக்சன் இரண்டையும்விட மோசமில்லை என்று தெரிந்தது. எனவே இப்போது ஒரே பதில் எல்லோருக்கும் கிடையாது. இதய ஆபத்து அதிகமுள்ளவருக்கு முடிந்தால் எதுவுமே வேண்டாம், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பலர் நாப்ராக்சனை விரும்புவார்கள், வயிறு பலவீனமானவருக்குச் செலகாக்சிப்பும் கூடவே அமில மாத்திரையும். எட்டோரிகாக்சிப் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது கூடாது. தினமும் இதயத்துக்காகச் சிறிய ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் ஐபுரூஃபனை அதற்கு முன்னால் போட்டால் ஆஸ்பிரின் வேலை செய்யவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆஸ்பிரின் போட்டும் பெரிய பயன் இருக்காது.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது சிறுநீரகம். டெல்மிசார்ட்டன் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரின் அளவைக் குறைக்கிறது. அந்த நிலையில் வடிகட்டிக்குள் நுழையும் குழாயை விரித்து வைத்துச் சமாளிப்பது புரோஸ்டாகிளாண்டின். அதையும் வலி மாத்திரை போட்டு நிறுத்தினால் மூன்று பக்கமும் அடி விழுந்த மாதிரி, வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போகும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றும்போது சட்டென்று கிரியேட்டினின் ஏறிவிடும், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு இரத்தத்தில் தேங்கிவிடும். இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதே பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீரகம் சுணங்கினால் அது உடம்பிலேயே தங்கி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். முடக்குவாதத்துக்கான சிறிய அளவு மெத்தோட்ரெக்சேட்டோடு வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான், சிறுநீரகம் நன்றாக இருந்து இரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக நடந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் அம்மா நான்கையும் சேர்த்துச் சாப்பிடப் போகிறார் என்பது எழுதிக்கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை ஒரு மருத்துவர், மூட்டுக்கு இன்னொரு மருத்துவர், வலி மாத்திரை தானாகவே வாங்கியது என்று இருந்தால் முழுப் படமும் யாரிடமும் இருக்காது.

ஒருமுறை ஒரு பெரியவர் பை நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார், "எல்லாம் போட்டும் கேட்கவில்லை" என்று. பிரித்து அடுக்கிப் பார்த்தால் ஐந்து வேறு பெயர்கள், அவற்றில் மூன்றின் உள்ளே இருந்தது டைக்ளோஃபெனாக்தான், அந்த மூன்றில் ஒன்றில் பாராசிட்டமாலும் சேர்ந்திருந்தது. பெயர் பெரிய எழுத்திலும் உள்ளே இருக்கும் மருந்து பொடி எழுத்திலும் அச்சாகியிருந்தால் யார்தான் என்ன செய்வார்கள்? டைக்ளோஃபெனாக்கின் ஒரு நாள் உச்ச அளவு 150 மி.கி., அவர் அதைப்போல இரண்டு மடங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனவே அடுத்த முறை போகும்போது வீட்டிலிருக்கும் அத்தனை அட்டைகளையும், தடவும் களிம்பு உட்பட, அப்படியே அள்ளிக்கொண்டு போங்கள். இரண்டு வலி மாத்திரைகளை ஒன்றாகப் போட்டால் பலன் இரட்டிப்பாகாது, கெடுதல் மட்டும் கூடும்.

இனி மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்குக் கொடுப்பதும் இதுவும் ஒரே மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சில சமயம் கிராம் கணக்கில் கொடுப்பார்கள், இங்கே வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி. வரைதான். இந்த அளவில் அது செல்களைக் கொல்லுவதற்காகக் கொடுக்கப்படுவதில்லை, கொந்தளிக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கத்தான். அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு 1988-லேயே அனுமதி கிடைத்தது, இன்றுவரை உலகம் முழுக்க முதலில் எடுக்கும் மருந்து இதுதான். இதைவிட நன்றாகத் தெரிந்த மருந்து இந்த நோய்க்கு வேறு இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் இல்லை. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு, மருந்து விஷயத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளில் இது ஒன்று. நான் மருந்து கொடுக்கும்போதே எந்தக் கிழமை என்று நோயாளியையே சொல்ல வைத்து அட்டையின் பின்புறம் பேனாவால் பெரிதாக எழுதிவிடுவேன். 2.5 மி.கி. மாத்திரையும் 10 மி.கி. மாத்திரையும் ஒரே மஞ்சள் நிறத்தில் வருவதுண்டு, வீட்டில் இரண்டும் இருந்தால் கதை முடிந்தது, எனவே ஒரே அளவு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் மற்ற மாத்திரைகளைப் போடும் டப்பாவில் இதைக் கலக்க வேண்டாம், தனியாக வையுங்கள். ஃபோலிக் அமிலமும் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் வேறொரு நாளில். அது சும்மா சத்து மாத்திரை இல்லை, குமட்டலையும் வாய்ப்புண்ணையும் கல்லீரல் தொந்தரவையும் குறைப்பது, விடக் கூடாது. ஆரம்பத்தில் மாத்திரை போட்ட மறுநாள் சோர்வும் குமட்டலும் இருக்கும், இரவில் போட்டால் பாதித் தொல்லை தூக்கத்திலேயே போய்விடும். முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார்கள், பிறகு இடைவெளி நீளும். வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் புதிதாக வந்தால் சளி என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும். மது கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மாத்திரை எழுதினால் "மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார்" என்று உடனே சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் இரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையலாம். அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனாலும் படிக்கும் மற்றவர்களுக்காக: கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடவே கூடாது. வலி மாத்திரைகளையும் கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்திலிருந்து தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஸ்டீராய்டு பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தில் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-லேயே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள், இந்த நோயே ஒழிந்தது என்ற அளவுக்குக் கொண்டாட்டம். பெரிய அளவில் மாதக்கணக்கில் கொடுத்த பிறகுதான் வீங்கிய முகம், நொறுங்கும் எலும்பு, ஏறும் சர்க்கரை, மனக் குழப்பம் எல்லாம் வரிசையாக வந்தன. இன்றைய பயம் அந்தக் காலத்து அளவுகளிலிருந்து வந்தது. இப்போது மெத்தோட்ரெக்சேட் பிடிக்கும்வரை சில வாரங்கள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, முடிந்தால் மூன்று மாதத்துக்குள் நிறுத்துவதுதான் திட்டம். சொல்லப்போனால் ஒரு காலவரம்போடு கொடுக்கும் 5 மி.கி. பிரட்னிசோலோன், கணக்கில்லாமல் விழுங்கும் டைக்ளோஃபெனாக்கைவிட அம்மாவின் சிறுநீரகத்துக்கு எவ்வளவோ மேல். காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், இரவில் போட்டால் தூக்கம் போகும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவே கூடாது, உடம்பு தன் சொந்தச் சுரப்பை அதற்குள் குறைத்திருக்கும். எலும்பு பலவீனமாவது முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடுவதால் கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். இன்னொன்று, "இரண்டே நாளில் முடக்குவாதம் போகும்" என்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளையும் மாத்திரைகளையும் சோதித்தபோது உள்ளே ஸ்டீராய்டே இருந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஓடுபவர்கள் அளவே தெரியாத ஸ்டீராய்டில் போய் விழுவதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

மூட்டு வலி என்று வருபவர்கள் எல்லோருக்கும் மேலே சொன்னது பொருந்தாது, எந்த நோய் என்பதைப் பொறுத்து மருந்தின் இடமே மாறும். முழங்கால் தேய்மானத்துக்கு மெத்தோட்ரெக்சேட் தேவையில்லை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, பிறகு தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல், இந்த வரிசைதான். தடவும்போது இரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் என்பதால் வயதானவர்களுக்கு அது எவ்வளவோ நல்லது, ஆனால் ஒரு நாள் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. முதுகெலும்பைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் நிலைமை தலைகீழ்: அங்கே வலி மாத்திரைதான் முதல் சிகிச்சை, முழு அளவில், முறையாக. முதுகுத்தண்டு விறைப்புக்கு மெத்தோட்ரெக்சேட் பயன்படாது. கவுட்டில், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் நோயில், கால் பெருவிரல் சிவந்து வீங்கும்போது வலி மாத்திரை, கோல்ச்சிசின், ஸ்டீராய்டு மூன்றில் எது அவருக்குத் தோதோ அது. கோல்ச்சிசினை வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு முறை கொடுத்த காலம் ஒன்று இருந்தது, இப்போது 1.2 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.6 மி.கி., அவ்வளவே, பலன் அதேதான். இரத்தத்தில் யூரிக் அமிலத்தை 6 மி.கி./டெ.லி.-க்குக் கீழே கொண்டுவர அல்லோபியூரினால் தனியாக, சிறிய அளவில் தொடங்கி ஏற்ற வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தோளும் இடுப்பும் திடீரென்று பிடித்துக்கொள்ளும் பாலிமயால்ஜியாவில் வலி மாத்திரையால் பெரிதாகப் பலன் இருக்காது, 15 மி.கி. பிரட்னிசோலோனில் சில நாளிலேயே தெளிந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கூடவே புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் எது வந்தாலும் அன்றே ஓட வேண்டும், பார்வை போனால் திரும்பாது.

மெத்தோட்ரெக்சேட் போதவில்லை என்றால் என்ன என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சேர்ப்பார்கள், பின்னதற்கு வருஷக்கணக்கில் போனால் கண் பரிசோதனை வேண்டும். அதற்கு மேல் பயாலஜிக் ஊசிகள், அதாவது அழற்சியை நடத்தும் குறிப்பிட்ட மூலக்கூறைக் குறிவைத்துத் தடுக்கும் புரத மருந்துகள். டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் இந்த நோய் அடங்கும் என்று 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மெய்னியும் காட்டியதிலிருந்து அந்தக் கதவு திறந்தது. தொடங்குமுன் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள், அதை அடக்கி வைத்திருப்பதே டி.என்.எஃப். என்பதால். டோஃபாசிட்டினிப் போன்றவை மாத்திரையாகவே வருகின்றன, ஆனால் வயதானவர்கள், புகைப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் விஷயத்தில் 2021 முதல் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. இப்போதைக்கு அம்மா அந்தப் பக்கமே யோசிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, "இது வாழ்நாள் முழுக்கவா" என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலை என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை எண்களோடு, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எண்ணுவார்கள். அடங்கினால் முதலில் வெளியேறுவது ஸ்டீராய்டு, வலி மாத்திரை தேவைப்படும் நாளுக்கு மட்டும் என்று சுருங்கிவிடும், மெத்தோட்ரெக்சேட்டைத்தான் கடைசியில், பல மாதம் நிலையாக இருந்த பிறகு, மெதுவாகக் குறைத்துப் பார்ப்பார்கள். சிலருக்குக் குறைந்த அளவிலேயே போதும், முழுதாக நிறுத்தியவர்களில் பலருக்குத் திரும்ப வருகிறது. இடையில் காய்ச்சலோ தொற்றோ வந்தால் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடாமல் நிறுத்திவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள், பிரட்னிசோலோனை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கிரியேட்டினின் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், டைக்ளோஃபெனாக்கை விடுவது பற்றி மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.